யெசாயா லோங்வேயின் இரண்டு வயதுகள்

எங்கள் நாட்டில் ஜூன்தான் குளிர்காலம். அந்தக் குளிர்காற்றில் அவர்கள் இருவரும் எங்கள் புற்றுநோய் வார்டு வாசலில் வந்து நின்றபோது, நோயாளி யார், துணைக்கு வந்தவர் யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. பெரியவர் நெட்டுக்குத்தலாக நின்றார். தலையில் கப்பல்காரர்கள் போடும் நீலத் தொப்பி. கழுத்தைச் சுற்றிப் பெண்கள் கட்டும் பூப்போட்ட துணி. அந்த அம்மாள்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தலையில் மாவு மூட்டை, ஒரு கையில் பானை, இன்னொரு கையில் சுருட்டிய பாய்.

"யாரும்மா நோயாளி?" என்று கேட்டேன்.

"இவருதான். நல்லா இருக்கிற மாதிரி நடிப்பாரு, நம்பிடாத" என்றார் அந்த அம்மாள்.

எங்கள் நாட்டு வடக்குப் பேச்சு. நானும் வடக்குதான், ஏரிக்கரை அல்ல, மேட்டுப் பக்கம், ரும்பி என்ற ஊர். நர்ஸ் வேலைக்குத் தலைநகரத்துக்கு வந்து பதினாறு வருஷம் ஆகியும் அந்தப் பேச்சைக் கேட்டால் ஓரடி நெருங்கி நிற்கத் தோன்றும். "ஏரிக்கரையில ன்காத்தா பே பக்கமா?" என்றேன். பெரியவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா நியாச்சிர்வா, இங்க நம்ம பாஷை பேசத் தெரிஞ்ச ஆளும் இருக்கு. மேட்டுக்காரி, ஆனா பரவால்ல."

சிர்வா வீட்டில் பிறந்த பெண் என்பதால் அந்த அம்மாளுக்கு நியாச்சிர்வா என்று பேர். கட்டிய புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவார், அதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. பெரியவர் பேர் யெசாயா லோங்வே. முப்பது வருஷம் ஏரிக் கப்பலில் சமையல்காரர். கழுத்துத் துணியை அவிழ்த்தார். இடப்பக்கம் காதுக்குக் கீழே மாங்கொட்டை அளவில் ஒரு கட்டி, அதன் கீழே சின்னதாக இரண்டு. கையைத் தூக்கச் சொன்னேன். அக்குளிலும் இருந்தது.

ஊரில் காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். ராத்திரி வேர்வை, காய்ச்சல், உடம்பு இளைப்பு, கழுத்தில் கட்டி என்றால் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும், அதுதான் அதிகம். மாத்திரை முடிந்தும் கட்டி வளர்ந்துகொண்டே போன பிறகுதான் பஸ் ஏறியிருக்கிறார்கள்.

ஒரு முடிச்சை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்று, வேகமாகப் பெருகும் வகை. வைத்தியம் இல்லாவிட்டால் சில மாதம். வைத்தியம் கொடுத்தால் தப்பிப் பிழைக்கவும் வழி உண்டு. இந்த வகையில் அதுதான் விசித்திரம்: வேகமாகக் கொல்வதுதான் மருந்துக்கும் சீக்கிரம் மடங்கும்.

டாக்டர் சிபேட்டா இதை அவர்களிடம் சொன்ன அன்று நான்தான் மொழிபெயர்த்தேன். டாக்டர் தெற்கத்திப் பெண், நாற்பது வயது, சுற்றி வளைத்துப் பேசமாட்டார். மருந்து நரம்பு வழியாக ஏறும், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு தடவை. முடி கொட்டும். வாய் புண்ணாகும். நோயை அடிக்கிற மருந்து உடம்பையும் அடிக்கும்.

"எல்லாருக்கும் ஒரே அளவா?" என்று கேட்டார் யெசாயா.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பன்னிரண்டு நாளாக அவர் வார்டில் கிடந்தார். அடுத்த கட்டிலில் கசுங்குப் பக்கத்துப் புகையிலை விவசாயி ஒருவர், எண்பத்தொரு வயது, இதே நோய். இதயம் பலவீனம் என்று அவருக்கு ஊசி மருந்து கொடுக்காமல் வலி மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். அந்தக் கிழவரை அவர் மகன்கள் முதுகில் சுமந்துகொண்டு போனதை யெசாயா தொப்பியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இல்ல. எழுபத்தஞ்சத் தாண்டினவங்களுக்குக் குறைச்சுத்தான் குடுப்போம். அவங்க உடம்பு தாங்காது. ஒங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் டாக்டர்.

"அறுபத்தஞ்சு."

அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். 1957 என்றிருந்தது. டாக்டர் குறித்துக்கொண்டார். நியாச்சிர்வா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். புருஷனுக்குப் புற்று என்று கேட்ட பெண் வேறெங்கே பார்ப்பாள் என்று நினைத்தேன்.

இதயம் நன்றாகத்தான் இருந்தது, சிறுநீரகமும். முழு அளவு எழுதினார் டாக்டர்.

முதல் தடவை சிவப்பு மருந்து ஏறும்போது யெசாயா அதை உற்றுப் பார்த்தபடியே இருந்தார். "கப்பல்ல முதல் வகுப்புக்காரங்களுக்கு இந்த நெறத்துலதான் சர்பத் குடுப்போம்" என்றார். இரண்டு நாள் வாந்தி. பிறகு எழுந்து உட்கார்ந்து மனைவியின் சமையலைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

வார்டுக்குப் பின்னால் துணையிருப்போர் கொட்டகை. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர். அதற்கு வெளியே கல் அடுப்புகள். நோயாளியின் சோற்றையும் துணியையும் பார்த்துக்கொள்வது கூட வந்தவர் பாடுதான், எங்கள் நாட்டில் எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். ஊர் தூரம் என்றால் இரண்டு மருந்துக்கு நடுவிலும் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்குவார்கள். நியாச்சிர்வா கொண்டுவந்த மூட்டை மரவள்ளி மாவு. மக்காச்சோளக் களி யெசாயாவுக்கு இறங்காது.

"இது களியா, கப்பல் ஓட்டைய அடைக்கிற தாரா?"

"முப்பது வருஷம் அடுத்தவனுக்கு ஆக்கிப் போட்டீங்க. வீட்டுல ஒரு நா அடுப்பு மூட்டியிருப்பீங்களா? சாப்பிடுங்க பேசாம."

"நான் ஆக்கியிருந்தா நீ பொறந்த வீட்டுக்கு ஒரு தடவகூடப் போயிருக்க மாட்ட."

"நான் எங்க போனேன்? நாப்பத்தேழு வருஷமா இங்கதான கெடக்கேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு மொழி முழுதாகப் புரியாது. ஆனாலும் சிரிப்பார்கள்.

இரண்டாவது தடவையும் முழு அளவு ஏறியது. கழுத்துக் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் காலை அவருக்கு உடம்பு கொதித்தது. வாய் முழுக்கப் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. திரைபோட்டுத் தனியாகப் படுக்கவைத்தோம். மருந்துக்கு மேல் மருந்து ஏற்றினோம். நான்கு நாள் அவருக்கு ஆளைத் தெரியவில்லை. கப்பலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தண்ணீர் கொதிக்கவில்லை என்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிபேட்டா அவருடைய சிகிச்சைத் தாளையே திரும்பத் திரும்பப் பார்த்தார். "அறுபத்தஞ்சு வயசு. நல்ல இதயம். எங்க தப்பு பண்ணேன் தவோங்கா?" என்று என்னிடம் கேட்டார். அவர் தப்புப் பண்ணியதாக எனக்கும் தெரியவில்லை.

அன்று மத்தியானம் நியாச்சிர்வா என்னைத் துணி உலர்த்தும் கொடிப்பக்கம் கூட்டிப் போனார். ஈரத் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார்.

"மவளே, அந்த அட்டையில இருக்கிற வயசு பொய்."

"என்னம்மா சொல்றீங்க?"

"கப்பல் வேலைக்கு இருவது வயசுக்குள்ளதான் எடுப்போம்னாங்க. இவருக்கு அப்ப முப்பது. ஒடம்பு ஒல்லிக்குச்சி, மீசையும் சரியா வரல. பத்தொம்பதுன்னு சொன்னாரு, எழுதிக்கிட்டாங்க. அப்பறம் எல்லாக் காகிதத்துலயும் அதுதான். காகிதத்துல நான் இவருக்கு ஏழு வயசு அக்கா. இத வெச்சுத்தான் ஊரே சிரிக்கும்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "விப்யா கப்பல் முழுகின வருஷம் பொறந்தவரு. மாமியாரோட தம்பி அதுல போயிட்டாரு. அந்தம்மா நெறமாசமா கரையில நின்னு அழுதுச்சாம். சாவு வீட்டுலதான் இவரு பொறந்தாரு."

விப்யா மூழ்கியது 1946 ஜூலையில். எங்கள் வடக்கில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். அதற்கு முன் பிறந்தவர், பின் பிறந்தவர் என்றுதான் அந்தக் காலத்து ஆட்களைப் பிரிப்பார்கள். அப்படியானால் அவருக்கு எழுபத்தாறு.

"இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"அந்தப் பொகையில ஊர்க் கெழவரு போனதுலேர்ந்து 'வயசச் சொன்னா என்னையும் இப்பிடித்தான் அனுப்புவாங்க, வாயத் தொறந்த, பாத்துக்க'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சத்தியத்த ஒடச்சிட்டேன். டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது."

சொன்னேன். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதிர்ந்தும் பேசவில்லை. தாளில் வயதை அடித்துவிட்டுப் புது வயதை எழுதினார். மருந்துகளின் அளவை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக் குறைத்தார்.

யெசாயா பிழைத்துக்கொண்டார். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது, புண் ஆறியது, கஞ்சி இறங்கியது. அதற்குப் பிறகுதான் டாக்டர் அவர் கட்டில் பக்கம் வந்தார்.

"லோங்வே ஐயா, ஒங்களுக்கு எழுபத்தாறுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே மருந்தக் குறைச்சு, பாதியவிடக் கொஞ்சம் கூடுதலாத்தான் ஏத்துவோம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"பாதி மருந்து" என்றார். "பாதி மருந்துக்குப் பாதி உசுருதான். என்னைய வித்துட்டியேடி."

நாற்பத்தேழு வருஷத்தில் அவர் 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நியாச்சிர்வா பிறகு என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் அப்படியும் பேசவில்லை. அவர் மனைவியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

நான் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவர் கோபம், நாலு நாளில் தணியும் என்று நினைத்தேன். டாக்டர் இரண்டு தடவை விளக்கினார். "குறைச்ச அளவும் வேலை செய்யும் ஐயா. வயசானவங்க நெறையப் பேர் அதுலயே குணமாகியிருக்காங்க. முழு அளவு ஒங்களக் கொல்லப் பாத்துச்சு." யெசாயா மரியாதையாகத் தலையாட்டினார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. கப்பல் அடுப்பில் முப்பது வருஷம் நின்றவருக்கு, பாதி உப்புப் போட்டால் குழம்பு பாதி ருசிதான் வரும் என்பது தெரியும். மருந்து அப்படியில்லை என்று அவரை நம்பவைக்க எங்களால் முடியவில்லை.

நியாச்சிர்வா முன்போலவே தினம் மூன்று வேளையும் தட்டைக் கொண்டுவந்தார். அவர் சாப்பிட்டார். சாப்பாட்டைத் திட்டவும் இல்லை, அதுதான் அந்த அம்மாளுக்குத் தாங்க முடியவில்லை.

"களி கட்டியா இருக்குன்னாச்சும் சொல்லச் சொல்லேன் மவளே."

அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்பார். மனைவி ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே, "நர்ஸம்மா, தண்ணி வேணும்னு சொல்லு" என்பார். நானும் திரும்பி, "அம்மா, தண்ணி வேணுமாம்" என்பேன். "எனக்குக் காது கேக்குது, சொல்லிடு" என்பார் அந்த அம்மாள். எனக்குச் சிரிப்பு வரும். வார்டே இதை வேடிக்கையாக்கியது. கல்யாணத் தரகர் என்று மற்ற நர்ஸுகள் என்னைக் கேலி செய்தார்கள்.

ஆகஸ்டில் மூன்றாவது மருந்து, குறைந்த அளவில். காய்ச்சல் வரவில்லை. வாந்தியும் ஒரு நாள்தான். கழுத்துக் கட்டி மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்தது. செப்டம்பரில் நான்காவது. கழுத்தைத் தடவிப் பார்த்தால் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. "பாத்தீங்களா ஐயா?" என்றேன்.

"வெளிய இல்ல. உள்ள இருக்கும். முழு மருந்து போயிருந்தா உள்ளயும் போயிருக்கும்" என்றார்.

ஒரு நாள் நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "அவங்க சொல்லலைன்னா நீங்க இந்நேரம் ன்காத்தா பேல மண்ணுக்குள்ள இருந்திருப்பீங்க. அந்த மனுசிகிட்ட ஒரு வார்த்த பேசுனா என்ன?"

"பேசணும்னுதான் இருக்கேன்" என்றார். "இத்தன நாள் கழிச்சு எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. ஆறு மருந்தும் முடியட்டும். பஸ்ஸுல போறப்ப பேசிக்கிறேன்."

அதை நான் அப்படியே அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அன்று வார்டில் இரண்டு புது நோயாளிகள். சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்கு நான் ரத்த அழுத்தக் கருவியோடு கட்டில் கட்டிலாகப் போவேன். யெசாயாவின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, பார்த்து, எழுதுவேன். நியாச்சிர்வா அந்தக் கையை எனக்கு வாகாகப் பிடித்துக் கொடுப்பார். அந்த அம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று மாதமாகச் சிமெண்டுத் தரையில் பாயில் படுத்து, குளிரில் நடுங்கி, விறகு சுமந்து, புகையில் சமைத்தவர். அந்த மூன்று மாதத்தில் ஒரு காலையாவது அந்தப் பட்டையை அவிழ்த்து அவர் கையில் சுற்ற எனக்குத் தோன்றவில்லை. அவர் நோயாளி இல்லை. அவருக்குத் தாள் இல்லை. ஒரு தடவை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "புகை பட்டுத் தல வலிக்குது" என்றார். "வெறகு ஈரமா இருக்கும்மா" என்றேன் நான்.

ஊரில் அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு மாதத்துக்கு உள்ளதைத்தான் கொண்டுவந்திருந்தார். அது தீர்ந்த பிறகு யாரிடமும் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது, மூட்டையைப் பிரித்தபோது, காலியான மாத்திரை அட்டை வழியாக.

செப்டம்பர் கடைசி வாரம், ஐந்தாவது மருந்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஒன்பது மணி இருக்கும். வெயில் ஏறியிருந்தது. கொட்டகைப் பக்கமிருந்து பெண்கள் கத்தும் சத்தம் கேட்டு ஓடினேன். நியாச்சிர்வா அடுப்புக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். களி கிண்டும் துடுப்பு இன்னும் கையில் இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. களியைக் கிண்டிக்கொண்டே சரிந்துவிட்டார் என்றார்கள். நாலு பெண்களாகச் சேர்ந்து துணியில் தூக்கிக்கொண்டு வந்தோம். அப்போதுதான் அந்தக் கையில் முதன்முதலாகப் பட்டையைச் சுற்றினேன். அழுத்தம் இருநூற்று முப்பதைத் தாண்டியிருந்தது.

அவரைப் பெண்கள் வார்டுக்குக் கொண்டுபோனார்கள். யெசாயாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். கட்டில் பக்கம் நிறுத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். முடியெல்லாம் கொட்டிப்போன தலை.

"நியாச்சிர்வா" என்றார்.

அந்த அம்மாளின் கண் பாதி திறந்திருந்தது. எங்கேயும் பார்க்கவில்லை.

"நியாச்சிர்வா. நான்தான் பேசுறேன்." குனிந்தார். "களி கட்டியா இருந்துச்சு. நேத்தும் கட்டி, முந்தாநேத்தும் கட்டி. கேக்குதா?" கையைப் பிடித்து ஆட்டினார். "எந்திரி. நான் பேசிட்டேன்ல."

இரண்டு நாள் இருந்தார். இரண்டு நாளும் யெசாயா அந்தக் கட்டில் பக்கமே உட்கார்ந்து பேசினார். கப்பல் கதை, தோட்டத்து மாமரம், ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகள், செத்துப்போன மகன், எல்லாம். ஒன்பது வாரத்துப் பேச்சையும் ஒட்டுமொத்தமாகப் பேசித் தீர்க்கிறவர் மாதிரி. மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் நியாச்சிர்வா போய்விட்டார்.

சடலத்தை ஊருக்குக் கொண்டுபோக வண்டி கிளம்பியது. டாக்டர் வாசலில் நின்று தடுத்துப் பார்த்தார். "ஐயா, அஞ்சாவது மருந்து இன்னிக்கிப் போட வேண்டியது. தள்ளிப்போனா நோய் திரும்பிடும்."

"திரும்பட்டும்" என்றார் யெசாயா. வண்டியின் பின்பக்கம் பெட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். ஐந்து மணி நேரப் பாதை. அவர் பஸ்ஸில் பேச நினைத்த பாதை அதுதான்.

அவர் இனி வரமாட்டார் என்றுதான் வார்டில் எல்லோரும் நினைத்தோம். டாக்டர் இரண்டு தடவை போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. தாளை ஓரமாக வைத்துவிட்டோம்.

அக்டோபர் மூன்றாம் வாரம், மழைக்கு முந்திய வேக்காட்டில், அதே நீலத் தொப்பியோடு வந்து நின்றார். தோளில் மாவு மூட்டை, கையில் பானை. கூட யாரும் இல்லை.

"தொணைக்கு யார் வந்திருக்கா?" என்று கேட்டேன். துணை இல்லாமல் சேர்ப்பதில்லை என்பது வார்டு விதி.

"நான்தான்."

"ஐயா, மருந்து ஏறின பிறகு யார் சமைப்பா? யார் துணி தொவைப்பா?"

"இருநூறு பேருக்கு ஆக்கினவன். எனக்கு ஆக்கிக்க மாட்டேனா?"

டாக்டர் விதியைக் கண்டுகொள்ளவில்லை. ஏன் வந்தீர்கள் என்று அவர் கேட்கவும் இல்லை. நான்தான் கேட்டேன், ஊசிக்கு நரம்பு தேடும்போது.

"அவ தம்பி சொன்னான்," என்றார். "அடக்கம் முடிஞ்ச மறுநாள். 'எங்க அக்கா எதுக்கு அங்க தரையில கெடந்து செத்தா? நீ வீட்டுல ஒக்காந்து சாகுறதுக்கா?'ன்னு. எல்லாரு முன்னாடியும் கேட்டான். இருந்தும் மூணு வாரம் கெளம்பல. ஒடம்பு நகரல."

ஐந்தாவது மருந்துக்குப் பிறகு அவர் கொட்டகையில் அடுப்பு மூட்டியதை நான் பார்த்தேன். அந்தப் பெண்களுக்கு முதலில் கூச்சம். ஆண்பிள்ளை ஒருவர் தங்கள் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்வது. நியாச்சிர்வா சமைத்த கல் அடுப்பை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். வாந்தி வந்தால் எழுந்து வேலியோரம் போய் எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, வந்து கிண்டுவார். ஏரிப் பொடிமீன் கருவாட்டில் தக்காளி போட்டு அவர் வைத்த குழம்பை அந்தப் பெண்கள் சத்தமாகப் புகழ்ந்தார்கள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை வைத்துவிடுவார்.

நவம்பரில் ஆறாவதும் முடிந்தது. மழை இறங்கிவிட்டது. டிசம்பரில் உடம்பு முழுக்கப் படம் எடுத்தோம். கழுத்தில் இல்லை, நெஞ்சில் இல்லை, வயிற்றில் இல்லை. டாக்டர் சிபேட்டா தாளை அவர் முன்னால் வைத்தார்.

"போயிடுச்சு ஐயா. உள்ளயும் இல்ல."

அவர் சந்தோஷப்படவில்லை. நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "முழு மருந்தே போட்டிருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டர்? உண்மையச் சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். ஏதாவது மழுப்பிச் சொல்லமாட்டாரா என்று இருந்தது. அவர் மழுப்பத் தெரியாதவர்.

"மூணாவது தடவை தாங்கியிருக்க மாட்டீங்க. என் கணக்குல அப்பிடித்தான்."

"அப்போ அவ சொன்னதாலதான்."

"ஆமா ஐயா."

யெசாயா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து போனார். வழியனுப்ப நான் போகவில்லை. என் கண்ணை அவர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

அந்த வருஷக் கடைசியில் நான் டாக்டரிடம் சொல்லி, திங்கள்கிழமைகளில் கொட்டகைக்குப் போய்த் துணைக்கு வந்தவர்களின் அழுத்தத்தைப் பார்க்க ஏற்பாடு செய்தேன். முதல் நாளே பதினோரு பேரில் நாலு பேருக்கு அதிகம். மூன்று மாதம் செய்தோம். பிறகு கருவியின் பட்டை கிழிந்தது, இருந்த இன்னொன்று வார்டுக்கே போதவில்லை, ஒரு நர்ஸ் மாற்றலாகிப் போனாள். நின்றுபோனது. இப்போது நினைவு வரும்போது நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன். எல்லா வாரமும் நினைவு வருவதில்லை.

யெசாயா ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வருவார். தாளில் சரியான வயதுதான் இப்போது. முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது, எடை ஏறியிருக்கிறது. மகள் ஜோகன்னஸ்பர்க்குக்குக் கூப்பிடுகிறாள், போகமாட்டேன் என்கிறார். வீட்டில் இன்னொரு அறையில்தான் படுக்கிறாராம், பழைய அறையைத் திறப்பதில்லையாம். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டால் "நோய் இல்ல" என்பார். அதற்கு மேல் சொல்லமாட்டார்.

போன ஏப்ரலில் வந்தபோது டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. இனி வருஷத்துக்கு ஒரு தடவை போதும் ஐயா. இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்" என்றார்.

"ஆறு மாசமாவே இருக்கட்டும்."

"தேவை இல்லைங்க ஐயா. நோய் திரும்புற காலம் பெரும்பாலும் தாண்டிடுச்சு."

"நோய்க்காக இல்ல டாக்டர்." கையிலிருந்த தேதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊருல அவ கல்லறை இருக்கு. ஆனா அவ கடைசியா இருந்தது இங்கதான். வந்தா கொட்டகையில கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போவேன். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

டாக்டர் அட்டையை வாங்கி அக்டோபர் என்று எழுதிக் கொடுத்தார். யெசாயா அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்வாசல் பக்கமாக நடந்தார்.